அம்மா கட்டிய இரண்டு பொட்டலங்கள்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ பம்பாயிலிருந்து போனில் சொன்னதற்கு நான் 'பார்க்கலாம்' என்று மட்டும் பதில் சொன்னேன். நீ பூத்தில் நின்றுகொண்டிருந்தாய். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. உனக்குப் பின்னால் யாரோ இந்தியில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். சுகன்யாவுடன் கல்யாணம் முடிந்த பிறகு அலுவலகத்தில் கடன் வாங்கி, ஆனைமலைத் தோப்பை மீட்டு எங்கள் கையில் கொடுக்கப்போவதாகச் சொன்னாய். "என் சம்பளம் அப்போ பத்தலீங்கப்பா, அதனாலதான உங்க கனவு போச்சு" என்றும் சொன்னாய். மூன்று வருடமாக இதை மனதில் வைத்துக்கொண்டு பம்பாய் மின்சார ரயிலில் போய் வந்துகொண்டிருந்திருக்கிறாய் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. தோப்பு வேண்டாம் கண்ணு. ஏன் வேண்டாம் என்பதைப் போனில் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன். எழுதப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னபோது, "எழுதுங்க. ஆனா என்னைப் பெரிய தியாகியாட்டம் எழுதிப்போடாதீங்க" என்றாள். முடிந்தவரை நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நான் பத்திரிகை வேலைக்குப் போன காலத்திலிருந்து எனக்கு ஓர் ஆசை இருந்தது உனக்குத் தெரியும். மில் ஸ்டிரைக், கோர்ட், கலெக்டர் அலுவலகம், விபத்து, அரசியல் கூட்டம் என்று சத்தத்துக்கு நடுவிலேயே என் பிழைப்பு ஓடியது. ஓய்வு பெற்றதும் சத்தமில்லாத ஓர் இடத்துக்குப் போய்விட வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். வருங்கால வைப்பு நிதியில் கடன் போட்டு ஆனைமலைக்குப் பக்கத்தில், வாய்க்கால் ஓரமாக, ஓர் ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலான அந்தத் தென்னந்தோப்பை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சிக்குப் பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி நாம் மூவரும் போவோம். நீ வாய்க்காலில் இறங்கி விளையாடுவாய். நான் குச்சியால் மண்ணில் கோடு போட்டு, இங்கே முன்னறை, இங்கே படுக்கை அறை, மலையைப் பார்த்தபடி சாய்வு நாற்காலி என்று அம்மாவுக்குக் காட்டுவேன். அடுப்படி எந்தப் பக்கம் வரட்டும் என்று கேட்பேன். "உங்க இஷ்டமுங்க" என்பாள். கிணற்றுப் பக்கம் வைத்தால் வசதியாக இருக்குமா என்று கேட்பேன். "அதுவும் நல்லாத்தானுங்க இருக்கும்" என்பாள். என்னோடு வேலை பார்த்தவர்கள் பலர், தங்கள் வீட்டில் இப்படியொரு திட்டத்துக்குச் சம்மதம் வாங்குவதற்குள் தலை நரைத்துவிடும் என்று சொல்வார்கள். எனக்கு வாய்த்த மனைவி போல யாருக்கும் வாய்க்கவில்லை என்று நான் பெருமையாகத் திரிந்தேன்.

ஓய்வு பெற்ற சில மாதங்களில், வீட்டுக்கு அஸ்திவாரம் போட நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நம் வீட்டு மாடிப்படியில் பாதியிலேயே நின்றுவிடுவாள். கேட்டால், "ஒண்ணுமில்லீங்க, சேலை தடுக்குச்சு" என்பாள். முன்னறையில் தையல் கற்றுக்கொள்ள வரும் பெண்களிடம் பேசும்போதுகூட வாக்கியத்துக்கு நடுவில் நிறுத்தி மூச்சு இழுப்பாள். அந்தப் பெண்களில் ஒருத்திதான் என்னிடம் வந்து, "சார், அக்காளுக்குக் காலெல்லாம் வீங்கியிருக்குது, நீங்க பாக்கறதில்லீங்களா?" என்று கேட்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டது என்றார் டாக்டர். வழி சுருங்கிவிட்டது, அதை எடுத்துவிட்டு உலோக வால்வு வைக்க வேண்டும் என்றார். வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, "இப்படியே விட்டா ரொம்ப நாளைக்குத் தாங்காதுங்க" என்றார். செலவையும் சொன்னார். அலுவலகத்தில் கொடுத்த பணம் முழுவதையும் வைத்தாலும் பாதிக்குத்தான் வரும். மீதிக்குத் தோப்பை விற்க வேண்டும். எனக்கு அதில் யோசனையே இல்லை. அன்று மாலையே விற்றுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அம்மா மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். "பாக்கலாமுங்க" என்றாள். ஆடி கழியட்டும் என்றாள். ஆடி கழிந்ததும், வகுப்புப் பெண்களுக்குப் பரீட்சை வருகிறது என்றாள். பிறகு, நீ வேலையில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது, உன்னை இப்போது அலைக்கழிக்கக் கூடாது என்றாள். உனக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். நம் ஊர்க்காரர்களைப் பற்றி வெளியூரில் பெருமையாகச் சொல்வார்கள், எதிரியைக்கூட வாங்க போங்க என்பார்கள் என்று. அந்த மரியாதையில் 'முடியாது' என்பதற்கு மட்டும் இடமில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. ஒரு வாரத்தைக் கடத்த அவளுக்கு ஒரு புதுக் காரணம் போதும். எனக்கோ ஒவ்வொரு வாரமும் அவள் கால் வீக்கம்தான் கண்ணில் பட்டது. கடைசியில் ஒருநாள் அவளே வந்து, "அம்மன்கிட்டப் பூவாக்குக் கேட்டுப்போடலாமுங்க. அவ சொன்னா ஆபரேசன் பண்ணிக்கறேன், வேண்டாம்னா விட்டுப்போடோணும். சரிங்களா?" என்றாள்.

நீ நகரத்திலேயே வளர்ந்தவன், பூவாக்கு என்றால் உனக்குத் தெரிந்திருக்காது. கல்யாணம் பேசும்போதும் கிணறு வெட்டும்போதும் நம் ஆட்கள் குலதெய்வத்திடம் உத்தரவு கேட்கும் முறை அது. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும், வெளியே தெரியாதபடி ஒரே மாதிரி இலையில் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் வேறு எந்த வழியும் பிடிபடவில்லை. பாதிக்குப் பாதியாவது வாய்ப்பு இருக்கிறதே என்றுதான் ஒப்புக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவிநாசி பஸ் நிலையத்தில் இறங்கினோம். அம்மா பூக்காரியிடம் மல்லிகையும் செவ்வரளியும் வாங்கினாள். அங்கிருந்து நம் குலதெய்வக் கோயிலுக்கு ஆட்டோ பிடித்தோம். ஆட்டோக்காரருக்குச் சில்லறை கொடுத்துவிட்டு நான் வருவதற்குள் அவள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இரண்டு பொட்டலத்தையும் கட்டி முடித்திருந்தாள். தலையில் மல்லிகை வைத்திருந்தாள். உடம்பு சரியில்லாமல் போனதிலிருந்து அவள் பூ வைத்து நான் பார்க்கவில்லை. "பூ நல்லா இருக்குது அம்மிணி" என்றேன். "ஆமாங்க" என்று சிரித்தாள்.

பூசாரி சின்னச்சாமி தீபம் காட்டிவிட்டு, கண்ணை மூடி, ஒரு பொட்டலத்தை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தார். பிரித்தாள். செவ்வரளி. அம்மா அமைதியாக, "அவளே சொல்லிப்போட்டா. இதுக்கு மேல நாம என்னங்க பண்றது?" என்றாள். அந்த அமைதிதான் எனக்கு உறுத்தியது. தன் உயிரைப் பற்றிய தீர்ப்பைக் கேட்டவள் பஸ் நேரம் கேட்டவள் போல நின்றாள். என் தொழிலில் நான் ஒரே ஒரு விதியை மட்டும் கடைசிவரை மீறியதில்லை. ஒரே ஒருவர் சொன்னதை வைத்துச் செய்தி எழுத மாட்டேன். எவ்வளவு பெரிய மனிதர் சொன்னாலும் இன்னொருவரிடம் கேட்டுவிடுவேன். அந்தப் பழக்கத்தில், "பூசாரி, அந்த இன்னொரு பொட்டலத்தையும் எடுங்க" என்றேன்.

"அதைப் பிரிக்கப்படாதுங்க. அப்படி வழக்கமில்லீங்க" என்றார் சின்னச்சாமி.

"பிரிச்சா அம்மன் கோவிச்சுக்குவாளா?"

"கோவிச்சுக்குவாளான்னு தெரியிலீங்க. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லீங்க."

நானே குனிந்து எடுத்துப் பிரித்தேன். அதிலும் செவ்வரளி. சின்னச்சாமி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். "ஏனுங்க, நானில்லீங்க! அம்மன் சத்தியமா நானில்லீங்க!" என்றார். நான் திரும்பி அம்மாவின் தலையைப் பார்த்தேன். பொட்டலத்துக்கு வாங்கிய மல்லிகை முழுவதும் அவள் கொண்டையில்தான் இருந்தது. சற்று முன்னால் நல்லா இருக்குது என்று நானே சொல்லியிருக்கிறேன்.

கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். "அம்மனையே ஏமாத்துவியா நீ?" என்று கேட்டேன்.

"அவளை எங்கீங்க ஏமாத்துனேன்? அவகிட்டச் சொல்லிப்போட்டுத்தான் கட்டுனேன்" என்றாள்.

"என்னன்னு சொன்னே?"

"கண்ணாலம் ஆன நாள்ல இருந்து இந்த மனுசன் அந்தத் தோப்பைப் பத்தியே பேசிட்டிருக்காரு. அதை வித்து என் நெஞ்சுக்குள்ள வெச்சுக்கிட்டு, தெனமும் அவரு மொகத்தை நான் எப்படிப் பாக்கறதுன்னு சொன்னேன்."

"நீ இல்லாம நான் அங்க போய் என்ன பண்றது?"

"வாய்க்கா இருக்குது, மரம் இருக்குது, சேரைப் போட்டு உக்காந்துக்குவீங்க."

"சோறு?"

அவள் யோசித்தாள். "அதை நான் நெனச்சுப் பாக்கலீங்க" என்றாள். சிரிக்கக் கூடாத நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. சிரித்ததில் மூச்சு முட்டி, என் தோளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். தாங்கிப் பிடித்த என் கைக்குள் அவள் எவ்வளவு இளைத்திருக்கிறாள் என்பது அப்போது தெரிந்தது.

அந்த இடத்தில் அவளிடம் ஒன்று கேட்டேன் கண்ணு. ஊரில் இருக்கும் அத்தனை பேரிடமும் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கியவன், அதுவரை வீட்டில் கேட்டிராத கேள்வி. "அந்த ஊடு உனக்கு வேணுமா, வேண்டாமா? என் இஷ்டம்னு மட்டும் சொல்லாதே."

"வேண்டாமுங்க."

"எப்ப இருந்து?"

"மொத நாள்ல இருந்துங்க." சொன்னதும், இத்தனை வருடம் அடைத்து வைத்ததெல்லாம் ஒன்றாக வந்தது. "அங்க என்னங்க இருக்குது? காலையில மயில் கத்தும். சாயங்காலம் மயில் கத்தும். நடுவுல நீங்க பேப்பர் படிப்பீங்க. எனக்குப் பேசறதுக்கு நாலு புள்ளைங்க வேணும், பொழுதானா காய்க்கடையில வெலை கேட்டுச் சண்டை போடோணும். அந்தத் தோப்புல நான் யாரோட சண்டை போடறது?"

எனக்குக் கோபம் வந்தது. இதை மறைக்க மாட்டேன். உயிரை விடத் துணிந்தவள் ஒரு 'வேண்டாம்' சொல்லத் துணியவில்லையே என்ற கோபம். கோயம்புத்தூர் பஸ்ஸில் அவிநாசி தாண்டிக் கருமத்தம்பட்டி வரும்வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். பிறகு வேறொன்று மனதில் பட்டது. நான் கேட்டதெல்லாம் அடுப்படி எந்தப் பக்கம் என்றுதான். வீடு வேண்டுமா என்று ஒருமுறையும் கேட்கவில்லை. அவள் விட்டுக்கொடுத்தது ஒருபுறம் இருக்கட்டும், விட்டுக்கொடுப்பதைத் தவிர அவளுக்கு வேறு வாசல் எதையும் நான் திறந்து வைக்கவில்லை. சூலூர் பிரிவு வரும்போது, "திங்கக்கெழமை டாக்டர்கிட்டப் போலாமா?" என்று கேட்டேன். "போலாமுங்க" என்றாள். ஒரு நிமிடம் கழித்து, "நெசமாத்தான் சொல்றேனுங்க" என்று தானாகவே சேர்த்துக்கொண்டாள்.

தோப்பை வாங்கிக்கொண்டது ஹனீபா பாய். கோட்டைமேட்டில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் அவரை உனக்கு நன்றாகத் தெரியும். விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்தார். "நானே எடுத்துக்கறேனுங்கண்ணா. ஆனா ஒண்ணு, நீங்க பேரம் பேசோணும். பேசாம குடுத்தீங்கன்னா, சீக்குக்காரங்க ஊட்டுல அடிச்சு வாங்கிட்டான்னு மண்டியில என் பேரு கெட்டுப்போயிரும்" என்றார். எனக்குப் பேரம் பேச வராது. உள்ளே கட்டிலில் படுத்திருந்த அம்மாதான் குரல் கொடுத்துப் பேசினாள். "வாய்க்காத் தண்ணி பாயற பூமிங்க பாய், காஞ்ச காட்டு வெலைக்குக் கேக்கறீங்க!" என்று மூச்சு வாங்க வாங்க விலையை ஏற்றினாள். பாய் ஒவ்வொரு முறையும் தலையில் கை வைத்துக்கொண்டு ஏறினார். போகும்போது வாசலில் என்னிடம், "அக்கா பொழச்சுக்குவாங்கண்ணா. இப்படிப் பேசறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். அன்றுதான் உனக்குத் தந்தி கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், நீயும் இருந்தாய். உனக்குத் தெரியாத ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆபரேஷன் அன்று காலை நீ ரத்தம் கொடுக்கப் போயிருந்தாய். அவளை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது கூடவே நடந்தேன். "பயமா இருக்குதா அம்மிணி?" என்று கேட்டேன். முன்பு என்றால் என்னைத் தேற்றுவதற்காகவே 'இல்லீங்க' என்றிருப்பாள். "ஆமாங்க, ரொம்பப் பயமா இருக்குது" என்றாள். "எனக்கும்தான்" என்றேன். கதவு வரைக்கும் என் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முப்பது வருடக் குடித்தனத்தில் நாங்கள் மிகவும் நெருக்கமாக இருந்தது அந்தத் தாழ்வாரத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே என் கனவு உன் சம்பளத்தால் போகவில்லை. அது ஒருவன் மட்டும் கண்ட கனவு, இருவரும் கண்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய். மழை பெய்தால் அந்த வாய்க்கால் இப்போது எப்படி ஓடும் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் வாடகை வீட்டில் நாங்கள் குறையோடு இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க அவளுக்குத் தினமும் மாத்திரை, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. அந்த மாத்திரைக்குக் கீரை ஒத்துவராது, இஷ்டத்துக்குச் சாப்பிடக் கூடாது என்பதால் எனக்கும் கீரை அளவுதான். அந்தச் செலவுக்கு நான் வாரத்துக்கு ஒரு கட்டுரை எழுதுகிறேன். தையல் வகுப்பில் முன்னைவிடக் கூட்டம் அதிகம். சத்தத்துக்குக் குறைவே இல்லை. பொழுது சாய்ந்தால் காய்க்கடைக்கு நடந்தே போகிறாள், நடுவில் எங்கும் நிற்பதில்லை. நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறேன்.

உன் கையில் பணம் இருந்தால் அதை என்ன செய்யலாம் என்று முதலில் சுகன்யாவிடம் கேள். அவள் கோபிச்செட்டிபாளையத்துப் பெண், நம்மைவிட மரியாதையாகப் பேசும் ஊர். பம்பாயிலேயே இருந்துவிடலாமா என்று நீ கேட்டால், 'உங்க இஷ்டமுங்க' என்றுதான் சொல்வாள். அரசாங்கம் வெளியிடும் அறிக்கையை எங்கள் தொழிலில் யாரும் முழு உண்மை என்று எடுத்துக்கொள்வதில்லை. அதையும் அப்படி வைத்துக்கொள். இன்னொரு முறை கேள், வேறு மாதிரி கேள், வேண்டாம் என்று அவள் சொன்னால் உன் முகம் வாடாது என்று அவளுக்குத் தெரிகிற மாதிரி கேள். அதேபோல உனக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் நல்ல பிள்ளையாகத் தலையாட்டாதே. நீ அம்மாவின் பிள்ளை, உனக்கும் அந்தக் குணம் உண்டு. பெண் பார்க்கப் போனபோது சர்க்கரை போடாத காபியை இரண்டு தம்ளர் குடித்துவிட்டு வந்தவன் நீ.

நேற்று மத்தியானம் இதை எழுதிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. மின்விசிறி நின்றது. பக்கத்து லேத் பட்டறை நின்றது. எதிர்வீட்டு டி.வி. நின்றது. தெருவே அடங்கிப்போனது. அம்மா என் எதிரில் தரையில் உட்கார்ந்து சுகன்யாவின் கல்யாண ரவிக்கைக்கு ஊக்கு வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அந்த நிசப்தத்தில் அவள் நெஞ்சுக்குள்ளிருந்து உலோக வால்வு திறந்து மூடும் சத்தம் மெலிதாக, கைக்கடிகாரத்தைக் காதருகே வைத்தது போல, டிக் டிக் என்று கேட்டது. நான் பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க அப்படிப் பாக்கறீங்க?" என்றாள்.

"சத்தம் கேக்குது."

அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "கரண்டு வந்துட்டாக் கேக்காதுங்க. இப்பவே நல்லாக் கேட்டுக்குங்க" என்றாள்.

அப்பா